முதலில் அந்தப் பொட்டலம் இருக்கிறதா என்று பாருங்கள், தம்பி

வாசகர் கேள்வி:

திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம் எங்களுடையது. 1999 சித்திரையில், விடியுமுன் பூவெடுக்கப் போன என் அக்கா திரும்பி வரவில்லை. மதியம் ஓடைக்கரையில் கிடந்தார். அப்போது எனக்கு 15 வயது. அடுத்த மூன்று வருடத்துக்குள் சுற்றுவட்டாரத்தில் இன்னும் இரண்டு பெண்கள் இதே மாதிரி இறந்துபோனார்கள். மூன்றும் வெவ்வேறு காவல் நிலைய எல்லை. அக்கா கணவரை, எங்கள் மாமாவை, பதினோரு நாள் வைத்து அடித்தார்கள். ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். 2003ல் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று நோட்டீஸ் வந்தது. ஊர் மட்டும் மாமாவை விடவில்லை. அவர் திருப்பூர் போய் 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. அக்கா மகளை எங்கள் அம்மாதான் வளர்த்தார். அமெரிக்காவில் எத்தனையோ வருடம் கழித்து டி.என்.ஏ. வைத்துத் தொடர் கொலைகாரனைப் பிடித்ததாகப் படித்தேன். எங்கள் கேஸிலும் முடியுமா? எனக்கு ஒருவன் மேல் சந்தேகம் இருக்கிறது. அவன் போடும் பீடித் துண்டை எடுத்துத் தனியார் லேபில் கொடுக்கலாமா? அம்மாவுக்கு 73 வயது. அக்காவுக்கு என்ன நடந்தது என்று அவரிடம் யாரும் முழுதாகச் சொல்லவில்லை. கேஸை மறுபடி திறந்தால் தெரிந்துவிடும். என்ன செய்வது?

(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

பதில்:

தம்பி,

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு ஆளின் பெயரை எழுதியிருந்தீர்கள். இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த வரியைப் பேனாவால் முழுக்க அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

31 வருடம் தடய அறிவியல் ஆய்வகத்தில், உயிரியல் பிரிவில் வேலை பார்த்தவள் நான். சேலை, பாவாடை, போர்வை, அரிவாள், கல் என்று எங்கள் மேசைக்கு வந்ததையெல்லாம் பிரித்துப் பார்த்து, கறை எங்கே இருக்கிறது, யாருடையது என்று எழுதி அனுப்புவதுதான் வேலை. அந்த அனுபவத்தில் உங்கள் முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்கிறேன். விஞ்ஞானம் தயாராக இருக்கிறது. அதன் கையில் கொடுக்க அக்காவின் துணி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நீங்கள் படித்த அந்த அமெரிக்க வழக்கையே எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் 1974க்கும் 1986க்கும் இடையில் 13 கொலை, ஐம்பதுக்கும் குறையாத பாலியல் வன்கொடுமை. வடக்கே செய்தவன் ஒருவன், தெற்கே கொன்றவன் வேறொருவன் என்றுதான் போலீஸ் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தது. 2001ல் டி.என்.ஏ.வை ஒப்பிட்ட பிறகுதான் இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்தது. ஆனால் ஆள் யார் என்று தெரியவில்லை. அதற்கு இன்னும் 17 வருடம் ஆனது. 1980ல் வென்சுரா மாவட்டத்தில் நடந்த ஒரு கொலையில் எடுத்த மாதிரி பத்திரமாக இருந்தது. அதிலிருந்து கிடைத்த விவரத்தை, தங்கள் வம்சத்தைத் தேடுகிற பொதுமக்கள் தாங்களாகவே பதிந்து வைக்கும் ஓர் இணையத் தளத்தில் ஏற்றினார்கள். கொலைகாரனின் தூரத்துச் சொந்தக்காரர்கள் சிலர் அகப்பட்டார்கள். அவர்களின் பாட்டன், பூட்டன், அதற்கும் மேலே என்று போய், பிறகு கிளை கிளையாக இறங்கி வந்து, வயதும் ஊரும் பொருந்துகிற ஒருவரிடம் வந்து நின்றார்கள். ஜோசப் டி ஆஞ்சலோ. 72 வயது. ஒரு காலத்தில் போலீஸ்காரர். அவருடைய கார்க் கதவின் கைப்பிடியைத் துடைத்தும், அவர் குப்பையில் போட்ட ஒரு காகிதத்தை எடுத்தும் ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டு 2018 ஏப்ரலில் கைது செய்தார்கள். 2020ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் சிறை பெற்றார்.

இந்தக் கதையில் எல்லோரும் அந்தத் தளத்தைப் பற்றியும் வம்ச மரத்தைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1980ல் அந்த மாதிரியை எடுத்தவருக்கு டி.என்.ஏ. ஒப்பீடு என்று ஒன்று வரப்போவதே தெரியாது. அலெக் ஜெஃப்ரிஸ் அதை லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தது 1984ல். ஆனாலும் எடுத்தார், ஒழுங்காக வைத்தார், அவருக்குப் பின் வந்தவர்களும் அதைத் தூக்கி எறியவில்லை. சியாட்டில் பக்கம் ஆற்றங்கரைகளில் பெண்களைக் கொன்று போட்ட கேரி ரிட்ஜ்வே விஷயத்திலும் இதுதான். 1987ல் சந்தேகத்தின் பேரில் கூப்பிட்டு, ஒரு துணியைக் கடிக்கச் சொல்லி எச்சில் எடுத்தார்கள். நிரூபிக்க வழியில்லாமல் போனது. அந்த எச்சில் துணியை 14 வருடம் வைத்திருந்து 2001ல் ஒப்பிட்டார்கள். 2003ல் அவர் 48 கொலைகளை ஒப்புக்கொண்டார்.

இனி உங்கள் அக்காவுக்கு வருவோம்.

1999ல் சேலையும் ரவிக்கையும் பாவாடையும் கைப்பற்றப்பட்டிருக்கும். கைப்பற்றியதை எழுதும் மகஜரில் அது இருக்கும். சாமான்களை ஒப்படைக்கும் படிவம் 95ல் எழுதி நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அங்கிருந்து நீதிமன்றத்தின் கடிதத்தோடு ஆய்வகத்துக்குப் போயிருக்கும். உடற்கூறு ஆய்வில் பிறப்புறுப்பில் எடுத்த பஞ்சு, கண்ணாடித் தகடு, நக வெட்டு, முடி இவையும் தனியாகப் போயிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய ஆய்வறிக்கை நகலில் 'மனித ரத்தம், பி பிரிவு' என்றும், பாவாடையில் 'விந்துக் கறை உண்டு' என்றும் இருக்கிறது. அன்று பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். ரத்தப் பிரிவு என்பது ஊரில் பாதிப் பேரைச் சந்தேகத்தில் வைத்துவிட்டு மீதிப் பேரை விலக்குகிற சல்லடை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைசி வரிதான் 27 வருடம் கழித்து எனக்கு நம்பிக்கை தருகிறது. பாவாடையில் கறை இருந்தது என்று ஓர் ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஆய்வு முடிந்ததும் மிச்சத்தை மறுபடி அரக்கு முத்திரை வைத்து நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்புவோம். ஆக, அந்தப் பாவாடை கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் நீதிமன்றத்தின் சொத்து அறை. அங்கே பதிவேட்டில் அதற்கு ஒரு எண் உண்டு. வழக்கு 'கண்டுபிடிக்க முடியாதது' என்று முடிக்கப்பட்டிருந்தால், சாமான்களை அழித்துவிட உத்தரவு போட்டிருக்கவும் கூடும். போட்டிருந்தால் அதுவும் பதிவாகியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், முதலில் தேட வேண்டியது கொலைகாரனை அல்ல, பொட்டலத்தை.

துணி எந்த நிலையில் இருக்கும் என்று கேட்பீர்கள். டி.என்.ஏ.வுக்கு முதல் எதிரி ஈரம். நிழலில் நன்றாகக் காயவைத்து, காகிதத்திலோ துணியிலோ பொதிந்த கறை பல பத்தாண்டு தாங்கும். மதுரை வெயில் அதற்கு அவ்வளவு கெடுதல் இல்லை. ஐப்பசி மழையில் ஒழுகுகிற ஓட்டுக் கூரைதான் கெடுதல். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் பணிக்காலத்தில் ஒரு பெண்குழந்தையின் பாவாடை, ரத்தம் காயுமுன்னே பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுக் கட்டி, மூன்று மாதம் எங்கேயோ கிடந்துவிட்டு வந்தது. பையைப் பிரித்ததும் பூஞ்சை நெடி. கறுப்பும் பச்சையுமாகத் துணி முழுக்கப் படர்ந்திருந்தது. எட்டு இடத்தில் வெட்டிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. 'ஆய்வுக்கு உகந்ததாக இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை. அந்தக் குழந்தையின் தகப்பனார் மட்டும் இன்னும் என் நினைவில் இருக்கிறார். உங்கள் அக்காவின் துணிக்கு அப்படி நடந்திருக்கக் கூடாது என்று உண்மையாகவே வேண்டிக்கொள்கிறேன்.

பொட்டலம் இருந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். பூக்கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு எளிதாகப் புரியும். டி.என்.ஏ.வை ஒரு நீளமான சரம் என்று வையுங்கள். அதில் சில குறிப்பிட்ட இடங்களில் ஒரே மாதிரிக் கண்ணி திரும்பத் திரும்ப வரும். ஓரிடத்தில் எனக்கு ஒன்பது கண்ணி என்றால் உங்களுக்குப் பன்னிரண்டு இருக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண்ணிக்கை, ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. இப்படி இருபது இடத்தில் எண்ணினால், ஒருமுட்டை இரட்டையரைத் தவிர வேறு இருவருக்கு எல்லாமே ஒத்துப்போவது நடக்காத காரியம். இதற்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு உயிரணு போதும்.

இங்கே உங்கள் குடும்பம் தேவைப்படுகிறது. பாவாடையில் அக்காவின் டி.என்.ஏ.வும் கலந்துதான் இருக்கும். எது அக்காவுடையது என்று பிரித்தால்தான் மிச்சம் யாருடையது என்று கேட்க முடியும். ஒப்பிட்டுப் பார்க்க அக்காவின் ரத்தம் இன்று நம்மிடம் இல்லை. ஆனால் அம்மா இருக்கிறார், அக்கா மகள் இருக்கிறாள், மாமா இருக்கிறார். மூன்று பேரின் ரத்தமும் கிடைத்தால் அக்காவின் விவரத்தில் பெரும்பகுதியைத் திரும்பக் கட்டிவிடலாம்.

மாமா ரத்தம் கொடுத்தால் அவரே மாட்டிக்கொள்வாரோ என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது, பதினோரு நாள் அடி வாங்கியவர். ஆகவே இதை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். மனைவியின் சேலையில் கணவனின் முடியோ வியர்வையோ இருப்பது எதற்கும் சாட்சி இல்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில் கிடந்தவர்கள். எந்த ஆய்வாளரும் அதைக் குற்றமாக எழுத முடியாது. அந்தப் பாவாடையிலோ, நகத்துக்கு அடியிலோ, தகட்டிலோ அவரல்லாத ஓர் ஆணின் டி.என்.ஏ. இருந்து, அதே ஆளுடையது மற்ற இரண்டு பெண்களின் உடைமையிலும் இருந்துவிட்டால், ஊர் இத்தனை வருடம் அவர் தலையில் வைத்த பாரம் அன்றே இறங்கிவிடும்.

டி.என்.ஏ. முதன்முதலில் ஒரு கொலை வழக்கில் செய்தது என்ன தெரியுமா? குற்றமில்லாத ஒருவனை விடுவித்தது. இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கத்துக் கிராமங்களில் 1983ல் ஒரு பெண், 1986ல் இன்னொரு பெண். இருவருக்கும் 15 வயது. போலீஸ் 17 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தது. இரண்டாவது கொலையை நான்தான் செய்தேன் என்று அவன் ஒப்புக்கொள்ளவும் செய்தான். ஜெஃப்ரிஸ் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அது இந்தப் பையன் இல்லை என்று வந்தது. பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்து ஆண்கள் ஏறக்குறைய 5,000 பேரிடம் மாதிரி எடுத்தார்கள். உண்மையான குற்றவாளி காலின் பிட்ச்ஃபோர்க் தனக்குப் பதிலாகக் கூட வேலை பார்த்தவனை அனுப்பித் தப்பித்தான். அந்த ஆள் ஒரு மதுக்கடையில் வாய்விட்டுச் சொன்னதைக் கேட்ட பெண்ணொருத்தி போலீஸில் சொன்னாள். 1988 தொடக்கத்தில் ஆயுள் தண்டனை. ஒப்புக்கொண்ட அந்தப் பையனை நினைக்கும்போது எனக்கு உங்கள் மாமாதான் நினைவுக்கு வருகிறார். பதினோரு நாளில் அவரும் 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ரத்தம் கொடுப்பது அவர் விருப்பம். வற்புறுத்தாதீர்கள். கொடுப்பதானால் நீதிமன்றத்தின் மூலமாக, தன் வழக்கறிஞரைக் கூட வைத்துக்கொண்டு கொடுக்கச் சொல்லுங்கள். திருப்பூருக்கு நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம்.

இப்போது அந்தப் பீடித் துண்டு. தயவுசெய்து எடுக்காதீர்கள். அமெரிக்காவில் குப்பையிலிருந்து எடுத்தது போலீஸ். எங்கே, எப்போது, யார் எடுத்தார்கள் என்று அன்றே எழுதி, சீல் வைத்து எடுத்தது. நீங்கள் எடுத்தால் அது எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. அதைவிட, ஒப்பிடுவதற்கான மறுபாதி உங்களிடம் இல்லையே. தனியார் லேபு அந்தப் பீடியை வைத்துச் சொல்லக்கூடியது, அதைக் குடித்தவன் ஓர் ஆண் என்பதுதான். ஆனால் விஷயம் வெளியே கசிந்தால், அவன் குற்றவாளி என்றால் உஷாராகிவிடுவான். இல்லை என்றால், உங்கள் மாமாவுக்கு ஊர் செய்ததை நீங்கள் இன்னொரு குடும்பத்துக்குச் செய்தவர் ஆவீர்கள். அந்தப் பெயரை நான் அடித்தது இதற்காகத்தான். உங்கள் சந்தேகத்துக்கு இருக்கும் காரணங்களை, ஊகம் கலக்காமல், கண்டது இன்னது கேட்டது இன்னது என்று தேதியோடு தனித்தாளில் எழுதி விசாரணை அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள்.

'அமெரிக்காவில் மாதிரி சொந்தக்காரர்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா' என்றும் கேட்டிருந்தீர்கள். இன்றைக்கு இங்கே அந்த வழி திறந்திருக்கவில்லை. நம் கிராமத்து ஆட்கள் யாரும் அப்படிப்பட்ட தளத்தில் டி.என்.ஏ.வைப் பதிந்து வைத்திருக்கவில்லை. குற்றவாளிகளுக்கான நாடு தழுவிய டி.என்.ஏ. வங்கியும் நமக்கு இல்லை. 2019ல் மக்களவையில் கொண்டுவந்த மசோதாவை 2023ல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கைதானவர்கள், தண்டனை பெற்றவர்களிடம் உயிரியல் மாதிரி எடுக்க 2022ல் வந்த அடையாளச் சட்டம் இடம் தருகிறது. அது இன்னும் வளர வேண்டிய பிள்ளை.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே கட்டிக்கொடுத்த ஊர்களில், தூரத்துச் சொந்தம்கூட டி.என்.ஏ.வில் நெருங்கின சொந்தம்போலத் தெரியும். வம்ச மரம் கிளைக்குள் கிளை பின்னிக்கிடக்கும். பெண்ணின் டி.என்.ஏ. மிகுந்து ஆணுடையது கொஞ்சமாக இருக்கும் மாதிரியில், தகப்பன் வழியாக மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமைத் தனியாகப் பார்க்கிற முறை ஒன்று உண்டு. பழைய கறையில் பல நேரம் அதுதான் கைகொடுக்கும். ஆனால் அது அப்பன், மகன், சித்தப்பன், பெரியப்பன் மகன் என்று ஒரு குலசாமியைக் கும்பிடும் பங்காளிகள் பலருக்கும் ஒரே மாதிரி இருக்கும். ஒருவனை விலக்க அது அருமையான கருவி. ஒருவனைத் தூக்கில் போட அது போதாது. நாளைக்கு யாராவது 'ஒய் ஒத்துப்போச்சு, அவன்தான்' என்று சொன்னால், 'அவன் பங்காளிகள் எத்தனை பேர்' என்று நீங்கள் கேட்க வேண்டும்.

மூன்று கொலையும் ஒருவன் செய்தது என்று நீங்கள் உறுதியாக நம்புகிறீர்கள். இருக்கலாம். விடியுமுன் தனியாகப் போகிற பெண், ஓடைக்கரை, கழுத்து. நீங்கள் எழுதிய ஒற்றுமைகள் என்னையும் உலுக்கின. மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மனுவில் கண்டிப்பாகக் கேளுங்கள். வெவ்வேறு எல்லையில் கிடக்கும் வழக்குகளை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஒரே அதிகாரியிடம் ஒப்படைக்கலாம். ஆனால் முடிவை முன்கூட்டியே மனதில் கட்டிக்கொள்ளாதீர்கள். ஜெர்மனியிலும் அதன் அண்டை நாடுகளிலும் 1993லிருந்து நாற்பது குற்றச் சம்பவ இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்துக்கொண்டே இருந்தது. ஹைல்ப்ரான் நகரில் 2007ல் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்ட இடத்திலும் அதே டி.என்.ஏ. வருடக்கணக்கில் தேடினார்கள். 2009ல் தெரிந்தது, அது மாதிரி எடுக்கிற பஞ்சுக் குச்சியைப் பொதிந்த தொழிற்சாலைப் பெண்ணுடையது என்று. இதைச் சொல்லித்தான் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவருக்கும் முதல் நாள் பாடம் தொடங்குவேன்.

நம் வீட்டு வாசலிலேயே நடந்ததும் இருக்கிறது. சுருளி அருவியில் 2011ல் ஓர் இளைஞரும் இளம்பெண்ணும் கொல்லப்பட்ட வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். தேனி நீதிமன்றம் 2018ல் தூக்குத் தண்டனை கொடுத்தது, 2019ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த மனிதரை விடுதலை செய்துவிட்டது. மாதிரிகளை எடுத்ததிலிருந்து ஆய்வகம் சேரும் வரை யார் கையில், எப்படி இருந்தன என்பதற்குச் சரியான கணக்கு இல்லை என்பது பெரிய காரணம். இனிமேல் எந்த மாதிரியும் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கைமாறுகிற ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏற வேண்டும், விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் பொட்டலத்தைத் திறக்கக் கூடாது என்று நாடு முழுவதற்கும் அந்தத் தீர்ப்பிலேயே கட்டளை போட்டார்கள். அந்தத் தீர்ப்பு வந்த அன்று, முப்பது வருடமாக நாங்கள் கத்திக்கொண்டிருந்ததை இப்போதாவது கேட்டார்களே என்று இருந்தது. கூடவே, அந்த இரண்டு பேரின் பெற்றோருக்கு இனி யார் பதில் சொல்வது என்றும் இருந்தது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கொலை வழக்குக்குக் கால வரம்பு கிடையாது. மேல் விசாரணைக்கு, அதாவது போலீஸ் மறுபடி விசாரிப்பதற்கு, எப்போதும் வழி உண்டு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 173(8), இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 193(9). பழைய எஃப்.ஐ.ஆர். எண், 2003ல் வந்த நோட்டீஸ், பிரேத பரிசோதனை அறிக்கை, ஆய்வறிக்கை நான்கையும் ஒன்றாக வையுங்கள். மனு அம்மா பெயரில் இருக்கட்டும். பெண் என்பதால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அவருக்கு இலவசமாக வழக்கறிஞர் வைத்துக்கொடுக்கும். அந்த வழக்கறிஞர் முதலில் நடுவர் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு, சொத்துப் பதிவேட்டில் அந்தச் சாமான்கள் என்னவாயின என்று எழுத்தில் வாங்கட்டும். இருக்கின்றன என்று வந்தால், அழிக்கக் கூடாது என்று உடனே ஒரு மனு. அதன் பிறகு கண்காணிப்பாளரிடம் மேல் விசாரணை மனு. அங்கே அசையவில்லை என்றால் மதுரையில் ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது.

அழித்துவிட்டார்கள் என்று பதில் வந்தால்? உடற்கூறு ஆய்வு நடந்த மருத்துவமனையில் தகடு ஏதும் மிஞ்சியிருக்கிறதா, ஆய்வகக் கோப்போடு துணியின் வெட்டு ஏதும் நின்றுவிட்டதா என்று கேட்கச் சொல்லுங்கள். மற்ற இரண்டு பெண்களின் சாமான்களையும் தேடச் சொல்லுங்கள். ஒன்றில் கிடைத்தாலும் போதும். எங்குமே இல்லை என்றால் டி.என்.ஏ. வழி அடைந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அதை மறைத்து ஆசை காட்ட எனக்கு மனமில்லை.

கடைசியாக அம்மா. இதை எழுதத்தான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குத் தெரியாது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, தம்பி. ஓடைக்கரையில் அக்காவை முதலில் பார்த்த பெண்களில் அம்மாவும் இருந்தார், தன் முந்தானையால் மூடினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எதை மூடினோம் என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருடம் உங்கள் முன்னால் அவர் பேசாமல் இருப்பது, 15 வயதுப் பையனுக்குத் தெரிய வேண்டாம் என்று அன்று அவர் எடுத்த முடிவாக இருக்கலாம். நீங்கள் அவரைக் காக்கிறீர்கள், அவர் உங்களைக் காக்கிறார். ஆகவே அவருக்குத் தெரியாமல் மனு போடாதீர்கள். அக்கா மகள் பக்கத்தில் இருக்கட்டும். அவளும் இப்போது வளர்ந்த பெண், அவள் அம்மாவைப் பற்றிய விஷயம் அவளுக்கும் உரிமை. 'அக்கா கேஸை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாமா அம்மா, உங்கள் ரத்தம் கொஞ்சம் வேண்டியிருக்கும்' என்று மட்டும் கேளுங்கள். விவரம் எதையும் நீங்களாகச் சொல்ல வேண்டாம். அவர் கேட்டால் மட்டும், கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் ஒரு மாதம் விட்டு இன்னொரு தடவை கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால், மனுவை மகள் பெயரில் போடலாமா என்று அவளிடம் கேளுங்கள். இப்படிப்பட்ட வழக்கில் அக்காவின் பெயரையோ அடையாளத்தையோ யாரும் வெளியிடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பதையும் இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

சொத்து அறையில் பொட்டலம் கண்ணில் பட்டால், திறந்து பார்க்கச் சொல்லிக் கேட்காதீர்கள், தொடவும் வேண்டாம். காகிதமா, துணியா, பிளாஸ்டிக்கா, அரக்கு உடையாமல் இருக்கிறதா, மேலே ஈரக் கறை ஏதும் தெரிகிறதா, இதை மட்டும் வழக்கறிஞரைக் குறித்துக்கொள்ளச் சொல்லி எனக்கு எழுதுங்கள். அடுத்த கடிதம் அங்கிருந்து தொடங்குகிறேன்.